பதின்மூன்றாவது கதை

மரக்காணத்தில் சகாதேவனை உப்புக் கம்பெனி கிளார்க்காகத் தெரிந்தவர்கள் நூறு பேர் என்றால், புத்தக விமரிசகராகத் தெரிந்தவர்கள் நாலே பேர். அந்த நாலு பேருக்காகத்தான் மனிதர் சட்டைக்கு இஸ்திரி போட்டார். புதுச்சேரியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாதப் பத்திரிகையில் ஆறு வருடமாக அவருக்கு ஒரு பக்கம். துப்பறியும் கதைகள், பேய்க் கதைகள், கொள்ளைக்காரன் கதைகள் என்று ஒரே விஷயத்தைப் பத்துப் பதினைந்து பேர் எழுதி ஒரே அட்டைக்குள் போட்டு விற்பார்கள் இல்லையா, அந்தத் திரட்டெல்லாம் அவர் வீட்டுக்குத்தான் தபாலில் வரும். பெரிய நாவல்களுக்குப் பெரிய ஆட்கள் இருந்தார்கள், பேய்களுக்குச் சகாதேவன் போதும் என்று ஆசிரியர் நினைத்திருக்கலாம். சகாதேவன் அப்படி நினைக்கவில்லை. கடைசி வரி வரை படிக்காமல் நான் பேனாவைத் தொடமாட்டேன் என்று டீக்கடையில் யாரும் கேட்காமலே சொல்லிக்கொள்வார்.

எழுபத்து நாலாம் வருடம் தையில் ‘கரையோரப் பேய்கள்’ வந்தது. பதின்மூன்று கதைகள். அவசரத்தில் ஓரம் வெட்டாமலே அனுப்பிவிட்டார்கள்; தாள் மடிப்பைக் கத்தியால் கீறிக் கீறித்தான் படிக்க வேண்டும். சகாதேவன் ஐந்து கதை வரை கீறினார். ஐந்திலும் வெள்ளைப் புடவை, ஐந்திலும் மல்லிகை வாசனை. சீச்சீ என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்து, முன்னுரையையும் பொருளடக்கத்தையும் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டார். முதல் தடவைதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பொய். மூன்றாவது தடவை.

அதோடு விட்டாரா? கடைசிக் கதையின் தலைப்பு ‘உப்பளத்துப் பேய்’. எழுதியவர் அ. வள்ளி. மரக்காணத்துக்காரன் உப்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எப்படி? ‘பதின்மூன்றாவது கதையை எழுதியவர் உப்பளத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை போலும்’ என்று ஒரு குத்து வைத்து முடித்தார். பங்குனி இதழில் அது வந்தபோது அந்த வரியைத்தான் நாலு பேருக்கும் வாசித்துக் காட்டினார்.

இதழ் வந்த நாலாம் நாள் வேலையிலிருந்து வந்தவருக்கு மனைவி கமலாம்பாள் காபியோடு ஒரு சேதியும் வைத்திருந்தாள். உப்பு வாருகிற அம்சவள்ளி நேற்று வந்து பேய்ப் புத்தகத்தை இரவல் வாங்கிப் போனாளாம், இன்றைக்குக் காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். அதில் அவள் எழுதிய கதையும் இருக்கிறதாம்.

“பதினொண்ணாவது வரைக்கும் படிச்சவளாமே, உங்களுக்குத் தெரியாதா? அவளுக்கு ஒரு புக்குகூட அனுப்பலியாம். அச்சுல எப்படி இருக்குதுன்னு பாக்கணும்னு கேட்டா, குடுத்தேன்.”

சகாதேவன் காபியைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஐந்தாவது கதைக்கு அப்பால் ஒரு மடிப்புகூடப் பிரியவில்லை. கொடுத்தபடியே இருந்தது. அவருக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. தினமும் அவர் சைக்கிளில் போகிற வழியில், முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் நின்று பாத்தியில் உப்பு வாருகிறவள். அவள் உப்பளத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லையாம்! ஏன் முகம் வேர்க்கிறது என்று கமலாம்பாள் கேட்டாள். புழுக்கம் என்றார். சாப்பாட்டுக்கு முன்பே கத்தியை எடுத்து மிச்சப் பக்கங்களைக் கீறி, நேராகப் பதின்மூன்றாவது கதைக்குப் போனார். ஒரு தடவை படித்தார். நம்பமுடியாமல் இன்னொரு தடவை படித்தார். அடக் கடவுளே, என்ன கதை! விட்டுப்போன ஏழையும் ராத்திரியே படித்துப் பார்த்தார்; மற்றப் பன்னிரண்டையும் கடலில் போட்டுவிட்டு அது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் சைக்கிளை மேட்டில் சாய்த்துவிட்டு, வரப்பில் நடந்து போனார். என்ன சொல்வதென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அம்சவள்ளி வாருபலகையை நிறுத்திவிட்டுத் தலைத்துணியை அவிழ்த்தாள். முப்பது வயதிருக்கும். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

“மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க சார். மடிப்ப நான் கீறல. உள்ள எட்டிப் பாத்தேன், என் பேரு இருந்திச்சி. அது போதும்னு குடுத்துட்டேன்.”

அவர் மானத்தைக் காப்பாற்றுவதற்காகத் தன் கதையையே அவள் அச்சில் படிக்காமல் விட்டிருக்கிறாள். தப்புதாம்மா, பெரிய தப்பு என்று மட்டும் சொன்னார் சகாதேவன்.

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவள் சொன்னதோ வேறு. திரட்டைத் தொகுத்தவர் அடுத்த புத்தகத்துக்கும் ஒரு கதை கேட்டுக் கடுதாசி போட்டிருந்தாராம். டீக்கடையில் யாரோ வாசித்த விமரிசனம் காதுக்கு வந்ததும், இனி எழுதுவதில்லை என்று அந்தக் கடுதாசியை அடுப்பில் போடப் போனாளாம்.

“எல்லாத்தையும் படிக்கிறவரு, நம்மூர்க்காரரு, அவரே இப்டி சொல்லிட்டாரேன்னு ரெண்டு நாளா அழுதேன். படிக்கலன்னு தெரிஞ்சப்புறந்தான் நிம்மதியாச்சி. நேத்து மறுபடி எழுத ஒக்காந்துட்டேன்.”

செருப்பால் அடித்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. சகாதேவன் கையிலிருந்த புத்தகத்தை நீட்டி, இது உனக்குத்தான், நேற்று முழுக்கப் படித்துவிட்டேன், பத்திரிகையில் மறுப்பு எழுதுகிறேன் என்றார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மறுப்பெல்லாம் வேண்டாம், நான் வந்து கேட்டு எழுத வைத்தேன் என்று பேசுவார்கள் என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நெசமா படிச்சீங்களா சார்?”

ஆறு வருடத்தில் அவரை யாரும் கேட்காத கேள்வி. ஆமாம் என்று சொன்னால் போதாது என்பது அவருக்கே தெரிந்தது. வெயிலில் வரப்பின்மேல் நின்றபடி, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற பையனைப் போல முதலிலிருந்து சொன்னார். உச்சிப் பகலில் பாத்திக்கு ஒருத்தி தண்ணீர் கேட்டு வருகிறாள். எல்லோரும் கொடுக்கிறார்கள். எவ்வளவு குடித்தாலும் குடத்தில் தண்ணீர் குறைவதில்லை, அதனால் அவள் பேய் என்று எல்லோருக்கும் தெரிகிறது, யாரும் பயப்படவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பெண்ணிடம் மட்டும் அவள் தண்ணீர் கேட்பதே இல்லை. ஏனென்று தெரியாமல் அந்தப் பெண் ஒரு நாள் தன் குடத்தைத் தானே தூக்கிக் குடிக்கிறாள். குறையவில்லை.

அம்சவள்ளி விடவில்லை. “அவ கொடம் எங்க இருந்திச்சி?”

“வரப்பு மொனையில. ஈரச் சாக்கு சுத்தி.”

“சரி” என்றாள். “படிச்சிருக்கீங்க.”

புத்தகத்தைத் தலைத்துணியில் சுற்றி, நனையாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, அவள் மறுபடியும் பாத்தியில் இறங்கினாள். பதின்மூன்று கதைகளிலும் இதுதான் சிறந்தது என்று சொல்லத்தான் சகாதேவன் வந்திருந்தார். கதை எப்படி இருந்தது என்று அவள் கேட்பாள், சொல்லிவிடலாம் என்று சற்று நேரம் நின்று பார்த்தார். அவள் கேட்கவில்லை.