போடியில் பேய் பார்க்க வந்தவர்கள்

தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவனுக்குப் பேய்ப் படம் கண்ணில் படாது, காதில்தான் விழும். கதவோரம் நின்றே பிழைப்பை ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பாடு புரியும். போடியில் எங்கள் தியேட்டருக்கு வருவதெல்லாம் சின்னப் படங்கள்தான். ஒரு பாழடைந்த பங்களா, ஒரு வெள்ளைச் சேலை, பேயைப் பார்த்து உளறுகிற ஒரு காமெடியன். ஆனால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

முன்கூட்டியே அலறல்

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்கள் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வருவார்கள். விளக்கு அணைந்ததுமே ஒரே அலறல். பேய் வர இன்னும் அரை மணி நேரம் இருக்கும். இடைவேளையில் முறுக்கு வாங்க வந்த ஒரு அக்காவிடம், "பேயே வரலையே, எதுக்குக்கா இந்தக் கத்துக் கத்துறீக?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"மலையில வாயத் தெறந்தா கங்காணி ஏசுவாரு. இங்கன கத்துனா ஒருத்தரும் கேக்க மாட்டாக. அதுக்குத்தேன் தம்பி வர்றதே."

நடுவில் ஒரு நாற்காலி

சிலமலையிலிருந்து ஒரு புதுத் தம்பதி. ஏதோ சண்டை போலிருக்கிறது. சமாதானம் ஆகட்டும் என்று வீட்டில் படத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இருவரும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேய் கிணற்றிலிருந்து ஏறும் நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. "யாரும் எந்திரிக்காதீக" என்று டார்ச்சோடு உள்ளே போனேன். வெளிச்சம் பட்டபோது அந்தப் பெண் நடு நாற்காலிக்கு மாறி, அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். ஜெனரேட்டர் ஓடி விளக்கு எரிந்ததும் பழைய இடத்துக்கே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை மெல்ல வெளியே வந்தான்.

"அண்ணே, இன்னொருக்கா கரண்ட நிப்பாட்ட முடியுமா?"

சிரிக்காத ஒருவர்

செத்துப்போன மனைவி பேயாக வந்து புருசனை வீடு முழுக்க விரட்டும் படம் ஒன்று. தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. ராசிங்காபுரத்து விவசாயி ஒருவர் மட்டும் தினமும் வந்து, அந்த இடத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். ஒத்தை ஆள். மேலுக்கு ஏதும் முடியவில்லையோ என்று எனக்குப் பயம்.

ஒருநாள் படம் முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தன் வீட்டுக்காரம்மா போன வருசம் காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னார். "காமெடிப் படந்தானண்ணே, சிரிச்சிட்டுப் போகலாம்ல?" என்றேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

"அந்தப் பய எதுக்குய்யா ஓடுறான்? வந்திருக்கிறது அவன் பொண்டாட்டிதான?"

ஆக, எங்கள் தியேட்டரில் பேயை நினைத்து நிஜமாகவே பயப்படுகிறவன் நான் ஒருவன்தான். அதுவும் அடுத்த வெள்ளிக்கிழமை படம் மாறும்போது அது வராமல் போய்விடுமோ என்றுதான்.