சந்தனம் வைத்த போர்டு

பூதலூரிலிருந்து ஒரு அம்மா, இறந்துபோன கணவரின் பழைய கணினியைப் பழுதுபார்க்க தஞ்சாவூரில் என் கடைக்குக் கொண்டுவந்தார். திரையும் பெட்டியும் ஒன்றாயிருக்கும் சிறிய கணினி. அதன் மதர்போர்டு, நான் பல வருடங்களாகத் தேடிய அரிய ரகம். ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு கறை. அதை என் கணினிக்கு எடுத்துக்கொண்டு, என்னிடமிருந்த அதே அளவுள்ள சாதாரண போர்டை அவருடையதில் பொருத்தினேன். யாருக்குத் தெரியப்போகிறது?

திரும்ப வாங்க வந்தவர், "மூடியைக் கொஞ்சம் தொறந்து காட்டுங்க சார். ஆயுத பூஜைக்கு அவர் உள்ள இருக்கிற போர்டுக்கும் சந்தனம் வைப்பாரு" என்றார்.

திறந்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"தொடச்சிட்டீங்களா சார்?"

"ஆமாம்" என்றேன்.

"பரவாயில்லங்க. தெரியாமத்தானே செஞ்சீங்க."

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் கணினியைத் திறந்து பார்க்கிறேன். சந்தனம் அப்படியே இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து பூதலூர் பக்கம்தான். இன்னும் நான் போகவில்லை.