ஒன்றரைச் சாண்

அருப்புக்கோட்டையில் நான் வாடகைக்கு ஓட்டிய காரைத் தெரியாதவர்கள் கிடையாது. நன்றாக ஓடும் என்பதால் அல்ல. பாலவனத்தம் ரோட்டில் வரும்போதே கடைத்தெருவுக்குச் சத்தம் கேட்கும். மூன்று கை மாறி என்னிடம் வந்த வண்டி. அறுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், அதைத் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட நெஞ்சை நிமிர்த்தித்தான் தள்ளுவேன்.

அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். அம்மா தறியில் உட்கார்ந்துவிட்டால் என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது அவள் வேலை. திருச்சுழிக்கு அப்பால் ஒரு கரிசல் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டாள். மாட்டு வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. வைத்தியர் கட்டுப் போட்டார்; எலும்பு கூடியது, கால்தான் பழையபடி மடங்கவில்லை. அதன்பிறகு அவள் மாட்டு வண்டியில் ஏறவே இல்லை.

எனக்கு மகள் பிறந்ததும் சொல்லி அனுப்பினாள். பிள்ளையை அங்கே தூக்கி வர வேண்டாமாம், தானே வருவாளாம், எங்கள் வீட்டு உத்தரத்தில், என்னை ஆட்டிய அதே இடத்தில் தொட்டில் கட்டித் தன் கையால் பிள்ளையைப் போட வேண்டுமாம். தொட்டில் போடுவது அத்தையின் உரிமை. அவள் வரும்வரை கட்டக் கூடாது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம். பிள்ளை தரையில் பழைய சேலைமேல் தூங்கியது.

அக்காவை அழைத்துவர என் சித்தப்பா, பெரியப்பா, அத்தை என்று வண்டி நிறைய ஆட்களோடு புறப்பட்டேன். ரோட்டை விட்டு இறங்கியதும் வண்டிப்பாதை. மாட்டு வண்டிச் சக்கரங்கள் இரண்டு பக்கமும் அறுத்து, நடுவில் முதுகெலும்பு மாதிரி மண்மேடு நிற்கும். பாரத்தில் அமுங்கிப் போயிருந்த கார் அந்த மேட்டில் உரசி, சைலென்சரைப் பறிகொடுத்தது. அக்கா வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரம். அங்கிருந்தே திரும்பினோம். இரண்டு மாடு கட்டி இழுத்துத்தான் ரோட்டுக்கு ஏற்றினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுவது நான்தான் என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

பட்டறைக்காரரிடம் போனேன். பின்சக்கரத்துக்கு மேலே வில் போல் வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருக்கும். பக்கத்துக்கு ஒரு பட்டை கூட்டினால் வண்டி உயரும். கூட்டினார். வண்டி பின்பக்கம் தூக்கி, மூக்கு தரையைப் பார்த்து நின்றது. நான் உடனே குந்தி, கையால் சாண் போட்டு அளந்தேன். கால் வைத்து ஏறுகிற கதவடி தரையிலிருந்து இரண்டு சாணுக்கு மேல் நின்றது.

"தம்பி, வெறும் வண்டிய அளந்து சந்தோசப்படாதிய," என்றார் அவர். "ஆளு ஏறி உக்காந்தப்புறம் நிக்கிற ஒசரந்தான் ஒசரம். வெறும் வண்டியா ஓட்டுனா கட்டை மாதிரி குதிக்கும். லோடு ஏறுனாத்தான் பட்டை உக்காரும்."

நன்றாகத் தலையாட்டினேன். புரியாத விஷயத்துக்குத் தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வாடகைக்கு ஆள் ஏற்றுகிறவனுக்குச் சொல்கிற பொதுப் புத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் அக்காவை அழைக்கத் தனியாகப் போனேன். அவள் காலை நீட்டிப் படுத்து வரட்டும் என்று ஒருவரையும் ஏற்றவில்லை. வண்டி வழியெல்லாம் குதித்தது. என் தலை கூரையில் இடிக்காத இடம் பாக்கியில்லை. ஆனால் மண்மேட்டில் உரசவில்லை. வாசல்வரை போய் நின்றேன்.

அக்கா கம்பை ஊன்றி வந்து பார்த்தாள்.

"ஏலே, இதென்ன, என்னைய விழுந்து கும்புடுது?"

"பெரியவுகளக் கண்டா மரியாத தெரிஞ்ச வண்டிக்கா. ஏறு."

காலைத் தூக்கினாள். கதவடிக்கு எட்டவில்லை. திரும்பவும் தூக்கினாள். எவ்வளவு தூக்க முடிகிறது என்று நான் பக்கத்தில் குந்தி அளந்தேன். ஒன்றரைச் சாண், அதற்குமேல் ஒரு விரல்கூட இல்லை. முக்காலி கொண்டுவந்து போட்டோம். அதில் ஏறினால் கால் எட்டியது, தலை கூரைக்கு மேலே போனது. குனிய இடுப்பு விடவில்லை.

"நானும் மச்சானும் தூக்கி உக்கார வச்சிருதோம்," என்றேன்.

"என்னையத் தூக்குறது ஒரு தடவதான். அன்னைக்கு ஒன்கிட்டக் கேக்கவா போறேன்," என்று சிரித்தாள். "போ. வண்டிய எறக்கிக் கொண்டா. அதுவரைக்கும் நான் எங்க ஓடப் போறேன்? ஓடுற காலா இது?"

நானும் சிரித்தேன். கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பட்டையைக் கழற்ற அரைநாள் போதும். ஆனால் உயர்ந்த வண்டி எந்தப் பாதையிலும் போகும் என்று தெரிந்துவிட்டதால் எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துக் கல்யாணமெல்லாம் என்னைத் தேடி வந்தன. ஆவணி போகட்டும் என்றேன். ஐப்பசியில் மழை என்றேன். பிள்ளை தவழ ஆரம்பித்தது. "இனி தொட்டிலுக்குள்ள நிக்கவா போறா?" என்றாள் மனைவி. தை பிறந்ததும் கழற்றிவிடுகிறேன் என்றேன்.

மார்கழியில் அக்காவுக்குக் காய்ச்சல். நாலே நாள். ஆள் வந்து சொன்னபோது வண்டியின் முன்னால் நின்று துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குப் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு சித்தப்பா முன்னால் உட்கார்ந்தார். பின்னால் பெரியப்பா, அத்தை, பங்காளிகள் மூன்று பேர். வண்டிப்பாதையில் கார் உரசவில்லை. அன்றைக்குக் குதிக்கவும் இல்லை. மெத்தென்று போனது.

வாசலில் நின்றதும் அத்தைதான் முதலில் இறங்கினாள். முழங்கால் வலியில் எங்கள் வீட்டுப் படியையே இரண்டு தவணையாக ஏறுகிறவள். கதவைத் திறந்தாள், காலை நீட்டினாள், யார் கையையும் பிடிக்காமல் இறங்கி அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

நான் சட்டென்று கதவைத் திறந்து இறங்கினேன்.

"யாரும் எறங்காதிய. கொஞ்சம் இருங்க," என்றேன்.

அப்படியே குந்தி, தரையிலிருந்து கதவடிக்குச் சாண் போட்டேன். ஒன்று. அப்புறம் அரை. அவ்வளவுதான். அக்காவை அழைக்க வந்த அன்றைக்கு, ஆளே கிடைக்காவிட்டாலும் பின்னால் நாலு மூட்டை பருத்திக்கொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தால் போதும்.

மச்சான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்ன மாப்ள, வண்டியில எதுவும் கோளாறா?"

"ஒண்ணுமில்ல மச்சான்."

"எறங்கலாமாலே?" என்றார் பெரியப்பா உள்ளேயிருந்து.

இறங்கச் சொன்னேன். ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒவ்வொருவர் இறங்கும்போதும் வண்டி ஒரு விரற்கடை மேலே போனது. கடைசி ஆளும் இறங்கியபோது கதவடி அவளுக்கு எட்டாத பழைய உயரத்துக்குப் போய் நின்றது. சித்தப்பா கோடிச் சேலையை என் கையில் கொடுத்து, முன்னால் நடக்கச் சொன்னார்.