அம்மா தனியாகக் குப்பம் போன நாள்

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் குடுபல்லியின் ஆண்களில் பாதிப்பேர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை முதல் ரயிலுக்குப் போய்விடுவார். நடுவில் வீட்டில் நானும் அம்மாவும்தான். கூலிக்காசு அவர் இடுப்பிலேயே இருக்கும். பெண்பிள்ளை கையில் காசு தங்காது என்பது அவர் கட்சி. அவர் கையில் எவ்வளவு தங்கியது என்று யாரும் கேட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்களைச் சமமாக நடத்துவது பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஆண்களுக்கு நடந்த பயிற்சியில் உட்காரவைத்துவிட்டார்கள். நான் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தேன். தரையில் வீட்டை வரைந்து, பெண்சாதி தனியாகப் போய்வந்த இடத்துக்கெல்லாம் கோடு போடச் சொன்னார் பயிற்சி கொடுத்த அம்மாள். நைனா குழாயடிக்கு ஒன்று போட்டார், ரேஷன் கடைக்கு ஒன்று. பிறகு சாக்பீஸும் கையுமாக வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவர் ரயிலுக்குப் போகவில்லை. கூலியை அம்மாவிடம் கொடுத்து, "குப்பம் டவுனுக்குப் போயி பேங்குல உன் பேர்ல போட்டுட்டு வா. நீயே போ" என்றார்.

நான்கு மணி பஸ்ஸில் அம்மா வரவில்லை. அடுத்த பஸ்ஸிலும் இல்லை. எனக்கு உலகத்தில் யாருமே இல்லாததுபோல் இருந்தது. நைனாவின் அண்ணன் பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டார்.

"பொம்பளைய தனியா அனுப்பிட்டு குந்திக்கினு கீறியேடா, நீயெல்லாம் ஆம்பளையா?"

நைனாவின் முகம் கறுத்தது. "வருவா, நீ போண்ணா" என்று மட்டும் சொன்னார்.

கடைசி பஸ்ஸில் அம்மா இறங்கினாள்.

"பேங்கு வேலை மதியமே ஆயிடுச்சி. ஸ்டேசன்ல ரயிலு பாத்துக்கினு குந்தியிருந்தேன்!"

அவ்வளவு சந்தோஷமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. நைனா சிரித்துவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நான் இல்லாமல் அம்மா சந்தோஷமாக இருந்திருக்கிறாள்! தெருவே கூடும்படி அழுதேன். இனிமேல் போகமாட்டேன் என்று என் தலைமேல் கைவைத்து அவள் சத்தியம் செய்யும்வரை விடவில்லை.

அடுத்த மாதம் நைனா காசை நீட்டியபோது அம்மா வாங்கவில்லை. "நீயே கட்டிட்டு வந்துடு. பொண்ணு தலைமேல சத்தியம் பண்ணிக்கீறேன்" என்றாள். நைனா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சத்தியம் மீறினால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம்.

நைனா தனியாகப் பஸ் ஏறினார். அம்மா அந்தப் பஸ் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். அம்மா எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.