கற்பூரத்தட்டும் கார் ஸ்ராட்டரும்

1. கொழும்புக்கு ஒரு மாதம், எனக்கு மூன்று நாள்

பண்டத்தரிப்பில் என் வேலைக்கொட்டிலுக்கு வந்த எஞ்சின் எதுவும் ஓடாமல் திரும்பிப் போனதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான். பழைய இங்கிலிஸ் கார்கள், வெங்காயத் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்புகள், மில் எஞ்சின்கள் எல்லாம் வந்தன. சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவேன்.

என்னிடம் வேலை பழகிய வள்ளக்காரர் யாரும் எஞ்சின் பெட்டியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு மணந்து பார்க்காமல் ஸ்ராட் பண்ணமாட்டார்கள். இந்த விதியை எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்று இளைய மெக்கானிக்குகள் கேட்கிறார்கள். புத்தகத்தில் படிக்கவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டு படித்தேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு, கலவரத்துக்கு முந்திய மாதங்கள். காரைநகர்க் கரையில் செல்லத்துரை அண்ணை ஒரு லோஞ்ச் வாங்கியிருந்தார். ஒரு விடுதிக்காரர் வெள்ளைக்காரரை ஏற்றி உலாத்திக் காட்டிய பழைய வள்ளம். மேலே கன்வஸ் கூரை, இருபக்கமும் ஆட்கள் இருக்க வாங்கு, நடுவில் மரப்பெட்டிக்குள் பெற்றோல் எஞ்சின். விடுமுறைக்கு உல்லாசப் பயணம் வரும் குடும்பங்களை ஏற்றி ஓடலாம் என்பது அவருடைய திட்டம். மீன்பிடி வள்ளத்தை விற்று இதில் போட்டிருந்தார். பள்ளிக்கூட விடுமுறை நெருங்கும்போது பார்த்து, எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிற ஸ்ராட்டர் மோட்டர் எரிந்துபோயிற்று.

கொழும்பில் கேட்டால் வள்ளத்து ஸ்ராட்டர் வர ஒரு மாதம் செல்லும் என்றார்களாம். விடுமுறையே அதற்குள் முடிந்துவிடும். நான் எரிந்த ஸ்ராட்டரைக் கழற்றிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் அடைத்து, இறப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தார்கள். வீண் பாரம் என்று எனக்குத் தோன்றியது. என் கொட்டிலில் கிடந்த பழைய கார் ஒன்றின் ஸ்ராட்டரை எடுத்து, லேத்தில் ஒரு தகடு கடைந்து பொருத்திப் பூட்டினேன். இடம் இறுக்கமாக இருந்ததால், மோட்டருக்குள் மின்சாரம் கொடுக்கிற கரித்துண்டுகள், அதாவது பிரஷ், இருக்கிற பக்கத்தைச் சுற்றி வரும் தகட்டு மூடியைக் கழற்றி எறிந்தேன். மூன்று நாளில் எஞ்சின் ஓடியது.

பெற்றோல் குழாயின் நட்டு ஒன்றில் மெல்லிய கசிவு இருந்தது. கார்க்காரர் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைப் பிசைந்து நட்டைச் சுற்றி அப்பினேன். பெற்றோல் சவர்க்காரத்தைக் கரைக்காது. காரில் வருடக்கணக்கில் நிற்கும்.

2. பாக்கியக்காவின் பூசை

செல்லத்துரை அண்ணையின் மனைவி பாக்கியக்கா. வள்ளத்துக்கு ஆட்களைச் சேர்ப்பது, ஏற்றி இறக்குவது, கூட்டித் துடைப்பது எல்லாம் அவருடைய பொறுப்பு. ஒவ்வொரு காலையும் எஞ்சின் பெட்டியின் மூடியைத் தூக்கிச் சாய்த்துவைப்பார். அடியில் ஊறிய தண்ணீரைத் தகரப்பேணியால் அள்ளி ஊற்றுவார். சீலைத்துண்டால் எஞ்சினைத் துடைத்து, சந்தனப்பொட்டு வைத்து, ஒரு மல்லிகைப்பூவும் வைப்பார். அதன்பிறகு தட்டில் கற்பூரம் கொளுத்தி எஞ்சினுக்கு மேலே மூன்று முறை சுற்றுவார்.

நான் இதைக் கண்டது எஞ்சினைப் பூட்டி முடித்த மறுநாள் காலை. பாய்ந்து போய்த் தட்டை ஊதி அணைத்தேன். பெற்றோல் எஞ்சினுக்கு மேலே நெருப்பா என்று கரையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி கத்தினேன். அதில் பிழையில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

பிழை அடுத்ததில் வந்தது. கோபத்தில் முழுப் பூசையையுமே நிறுத்திவிட்டேன். இனி யாரும் பெட்டியைத் திறக்கவேண்டாம், உப்புக்காற்றுப் பட்டால் என் வேலை கெட்டுவிடும் என்று சொல்லி, மூடியின் நாலு மூலைக்கும் ஸ்குரூ இறுக்கினேன். பாக்கியக்கா முகம் கறுத்துப்போனார். கற்பூரத்தை இறங்குதுறையில் வைத்துக் கொளுத்தலாமோ என்று மட்டும் கேட்டார். அங்கே என்னவும் செய்யுங்கோ என்றேன்.

3. உடுவில் ஆட்கள் வந்த காலை

எஞ்சின் ஓடிய ஐந்தாம் நாள். உடுவிலிலிருந்து ஒரு குடும்பம் வாடகைக்கு வான் பிடித்து வந்திருந்தது. பிள்ளைகளோடு சேர்த்துப் பதினேழு பேர். நானும் என் கைவேலை ஓடுகிற அழகைப் பார்க்கப் போயிருந்தேன். செல்லத்துரை அண்ணை முதல்நாள் பின்னேரமே பெற்றோல் ராங்கை நிரப்பி வைத்திருந்தார். காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

பாக்கியக்கா துறையில் நின்று வள்ளத்தின் பக்கம் குனிந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, பெற்றோல் மணக்குது."

"பெற்றோல் எஞ்சினிலை பெற்றோல் மணக்காமல் மல்லிகைப்பூவே மணக்கும், அக்கா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் நல்ல பகிடி விட்டேன் என்று சந்தோசம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவர் திரும்பிப் போய், துறையின் கரைப்பக்கமாகக் கற்பூரத்தைக் கொளுத்தினார். தேங்காய் உடைத்தார். வந்தவர்கள் எல்லாரும் திருநீறு பூசிக்கொண்டு ஏறவேண்டும் என்று வரிசையில் நிறுத்தினார். பிள்ளைகள் வள்ளத்துக்கு ஓடப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. ஒவ்வொரு நெற்றியாகப் பூசிக்கொண்டிருந்தார். செல்லத்துரை அண்ணை நேரம் போகுது என்று சலித்துக்கொண்டு, எஞ்சினையாவது சூடாக்கி வைப்போம் என்று தனியே இறங்கி ஸ்ராட்டர் பொத்தானை அமத்தினார்.

'டம்' என்று ஒரே ஒரு சத்தம். எஞ்சின் பெட்டியின் மூடி கன்வஸ் கூரையைக் கிழித்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது. பெட்டி இருந்த இடத்தில் நெருப்பு நின்றது. செல்லத்துரை அண்ணை கடலுக்குள் குதித்தார். நாங்கள் மணலும் ஈரச் சாக்கும் போட்டு நெருப்பை அணைத்தோம். அவருக்கு வலக்கை முழங்கைவரை வெந்துவிட்டது, இமையும் புருவமும் கருகிப்போயின. கண் தப்பியது கடவுள் செயல்.

உடுவில் ஆட்கள் வந்த வானிலேயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

4. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

செல்லத்துரை அண்ணையின் தமையன் கந்தையா. கரையில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவர் வந்து பார்த்தபோது பாக்கியக்காவின் கையில் இன்னும் கற்பூரத்தட்டு இருந்தது. அது போதும் அவருக்கு.

"உவள் நெருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தபடியாலை வந்த வினை," என்றார். "மெக்கானிக் தம்பி முந்தியே சொன்னவர்தானே. இனி உவள் இந்தத் துறையிலை கால் வைக்கக்கூடாது."

பிறகு என் பக்கம் திரும்பி, கற்பூரத்தாலைதானே தம்பி என்று கேட்டார்.

எனக்கு அப்போது காரணம் தெரியாது. ஆனால் கற்பூரம் பத்து யார் தூரம் தள்ளி, காற்று நெருப்பை வள்ளத்துக்குக் கொண்டுபோக முடியாத பக்கம் எரிந்தது தெரியும். என் வாயிலிருந்து வந்தது என்ன? நெருப்பென்றால் பெற்றோல் பிடிக்கும்தானே ஐயா, என்றேன். பொய் சொல்லவில்லை. பொய்யைவிடக் கேவலமான வேலை அது. பாக்கியக்கா என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் அவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சாப்பாட்டுக் கரியரைக் கந்தையா வாசலிலேயே வாங்கிக்கொண்டு, அவரைத் திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். புருசனைக்கூடப் பார்க்க விடவில்லை. செல்லத்துரை அண்ணையும் அவளை வரச்சொல்லுங்கோ என்று கேட்கவில்லையாம். எரிந்த கையோடு கிடக்கிற மனிதன், தமையன் சொன்னதை நம்பிவிட்டார்.

மூன்றாம் நாள் நான் தனியே போய் வள்ளத்துக்குள் இறங்கினேன். பெற்றோல் நட்டைத் தடவினேன். சவர்க்காரம் இல்லை. காரில் வருடக்கணக்கில் நிற்கிற சவர்க்காரம் வள்ளத்தில் ஐந்து நாள் நிற்கவில்லை. அடித்தண்ணீர் அலம்பி அலம்பிக் கரைத்துவிட்டது. நட்டிலிருந்து பெற்றோல் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம். காரில் என்றால் கீழே விழுந்து தெருவோடு போய்விடும். வள்ளத்துக்கு அடியில் ஓட்டை ஏது? முழுக்க அடியிலேயே தங்கிவிடும். அதன் மேலே மூடியை இறுக்கி ஸ்குரூவும் போட்டவன் நான்.

பிறகு ஸ்ராட்டரைக் கழற்றினேன். நான் தகட்டு மூடியை எறிந்த இடத்தில், பிரஷ் ஜன்னல்களைச் சுற்றி ஒரே கரி. சுழலும்போது பிரஷில் பொறி பறக்கும். எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த விசயம். வள்ளத்து ஸ்ராட்டரை ஏன் அப்படி அடைத்துச் செய்தார்கள் என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கவில்லை, தலைகீழாக விழுந்துவிட்டேன். ஸ்ராட்டரை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பக்கத்தில் கடல். தூக்கிப் போட்டால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

5. சாக்குக்குள் நீலப்பொறி

அன்று பின்னேரம் கந்தையாவையும் கரையில் நின்றவர்களையும் துறைக்குக் கூப்பிட்டேன். பாக்கியக்காவையும் வரச்சொன்னேன். அவர் துறையில் கால் வைக்காமல் மணலில் நின்றார்.

துறையில் ஸ்ராட்டரை வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டு, கந்தையாவை உள்ளே தலையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். பற்றறி வயரைத் தொட்டேன். ஸ்ராட்டர் சுழன்றது. மனிதர் சாக்குக்குள்ளிருந்து வெளியே வந்து, நீலமாய்ப் பொறி பறக்குது என்றார்.

"உதுதான் வள்ளத்தைக் கொளுத்தினது, ஐயா," என்றேன். "உதைப் பூட்டினது நான். கசிஞ்ச நட்டுக்குச் சவர்க்காரம் பூசினது நான். பெட்டியைத் திறக்கவேண்டாம் எண்டு ஸ்குரூ போட்டதும் நான். அக்கா நெடுகத் திறந்து வைச்சு, அடித்தண்ணி அள்ளித் துடைச்சிருந்தால் கசிவை அண்டைக்கே கண்டிருப்பா. மணக்குது எண்டு சொன்னவ, நான் பகிடி பண்ணினன். அவ திருநீறு பூச மறிச்சு வைச்சிராட்டில், அந்தப் பதினேழு பேரும் வள்ளத்துக்கை இருந்திருப்பினம்."

கந்தையா சாக்கை மடித்துக் கீழே வைத்தார்.

"அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?"

"பயம், ஐயா."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மணலில் இறங்கிப் போய், பாக்கியக்காவுக்கு முன்னால் நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழகாத மனிதர். பிள்ளை, கரியரை நீயே கொண்டுபோ, அவன் பாத்துக்கொண்டிருப்பான் என்று மட்டும் சொன்னார்.

6. மல்லிகைப்பூ

கொழும்பிலிருந்து சரியான ஸ்ராட்டர் வர ஒரு மாதம் காத்திருந்தோம். விடுமுறை போனது போனதுதான். அதற்குள் புதுப்பெட்டி செய்து, காற்று ஓடுவதற்கு இருபக்கமும் ஓட்டை வைத்தேன். குழாய் முழுவதையும் மாற்றினேன். பற்றறியைத் தனிப் பெட்டிக்குள் வைத்து, வயருக்கு நல்ல பியூஸ் போட்டேன். மூடிக்கு ஸ்குரூ போடவில்லை.

அதற்குப் பிறகு, தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயரும்வரை, எத்தனையோ வள்ளத்து எஞ்சின் பார்த்தேன். போரில் பெற்றோல் கிடைக்காமல், ஒரு மூடி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலமும் வந்தது. அப்போதும் விதி ஒன்றுதான். முதலில் மூடியைத் திற. மணந்து பார். துடை. கொஞ்சம் பொறு. பிறகு பொத்தானைத் தொடு. கார் வேலை தெரிந்தவனுக்கு வள்ள வேலை தெரியும் என்று நினையாதே. யாராவது மணக்குது என்றால் வாயை மூடிக்கொண்டு மூக்கைத் திற.

புது ஸ்ராட்டர் பூட்டிய காலை செல்லத்துரை அண்ணையும் கைக்கட்டோடு வந்து துறையில் குந்தியிருந்தார். பாக்கியக்கா வள்ளத்துக்குள் இறங்கினார். தட்டில் சந்தனமும் ஒரு பூவும் இருந்தன. கற்பூரத்தைக் கரையிலேயே ஏற்றிவிட்டு வந்திருந்தார். அந்த முப்பது நாளில் அவர் என்னோடு ஒரு சொல் கதைத்ததில்லை.

"தம்பி, மூடியைத் திறவுங்கோ," என்றார். "மல்லிகைப்பூ மணக்குதோ எண்டு பாப்பம்."

திறந்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, முழங்காலில் நின்று பெட்டிக்குள் தலையை விட்டு மணந்தேன். எண்ணெய் மணமும் உப்புத்தண்ணீர் மணமும்தான்.

"ஒண்டும் மணக்கேல்லை, அக்கா."

அவர் என்னைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, தானும் குனிந்து மணந்து பார்த்தார். பிறகுதான் எஞ்சினுக்குப் பூ வைத்தார்.