புத்தகம் திறந்த பரீட்சை

நாங்கள் குடிபெயர்ந்து வந்த இந்த மாகாணத்தில் சட்டத்தரணியாக வேண்டுமென்றால் இரண்டு பரீட்சைகளில் தேற வேண்டும். நீதிமன்றத்தில் வாதாட ஒன்று. காணி, உறுதிப் பத்திரம், மரணசாதனம், கம்பனி விவகாரங்களுக்கு இன்னொன்று. எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் கேள்விகள். யாழ்ப்பாணத்து நீதிமன்றத்தில் ஒன்பது வருடம் வாதாடியவளுக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா என்று நினைத்தேன். காணி, உறுதிப் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறியதும் அந்த நினைப்பு இன்னும் ஏறிவிட்டது. என்னைக் கவிழ்த்தது வாதாடும் பரீட்சை.

புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாம், பார்த்துப் பதிலளிக்கலாம் என்று விதியிலேயே இருந்தது. அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பார்த்தெழுதினால் பரீட்சை மண்டபத்திலிருந்து துரத்தும் ஊரில் படித்தவள் நான். ஆகவே ஊரில் செய்ததையே செய்தேன். டோர்செட் பார்க்கில் எங்கள் அபார்ட்மென்டின் சமையலறை மேசையில் இருந்து, தலையணைத் தடிப்பிலிருந்த புத்தகத்தின் அவ்வளவு பக்கங்களையும் வரிவரியாகப் பாடமாக்கினேன். வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் வாய் முணுமுணுத்தபடியே இருக்கும். என் கணவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கும் கொண்டாட்டங்களுக்கும் போய்விடுவார். எனக்கு எல்லாவற்றுக்கும் படிப்பு என்ற ஒரே சாட்டு.

பரீட்சையன்று மற்றவர்கள் உருட்டும் பெட்டிகளில் புத்தகங்களையும், எந்த விடயம் எந்தப் பக்கத்தில் என்று அகரவரிசையில் தொகுத்த இண்டெக்ஸ்களையும் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு அவர்களைப் பார்க்க இளக்காரமாக இருந்தது. என் புத்தகத்தைக் கடைசிவரை திறக்கவில்லை. ஆனால் எத்தனை நாட்களுக்குள் மறுமொழி தாக்கல் செய்ய வேண்டும் என்று கேட்டபோது, மனதில் இரண்டு நாட்டுச் சட்டங்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. பழையதுதான் முன்னுக்கு வந்தது. தோல்வி என்று மின்னஞ்சல் வந்தது.

மூன்று தடவைதான் அனுமதி. பயந்துபோய் நானும் இண்டெக்ஸ் தயாரித்தேன். புத்தகம் முழுவதும் பாடம் என்பதால் நான் செய்தது ஒரு நூலைப் போலவே வந்தது. எந்தச் சொல்லில் தேடினாலும் அகப்படும். கீழ்மாடியில் இருந்த தெரிந்தவர்களின் மகளும் அதே தடவை பரீட்சைக்குப் போகவிருந்தாள். இங்கேயே பிறந்து இங்கேயே சட்டம் படித்தவள். ஒரு பிரதி தரச் சொல்லிக் கேட்டாள். சந்தோஷமாகக் கொடுத்தேன். பெருமையாகவும் இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

அவள் தேறினாள். நான் தோற்றேன்.

முதல் தோல்விக்குப் பிறகு என் ஞாபகத்தின் மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது. தெரிந்த விடையையும் புத்தகத்தில் கண்ணால் கண்டால்தான் குறிப்பேன். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட இல்லாத பரீட்சையில் கடைசிப் பகுதி கைபடாமலே போனது. அவளிடம் எப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"நான் புக்கை முழுக்க வாசிக்கவே இல்லை அன்ரி. தெரியாததை மட்டும் உங்கட இண்டெக்ஸில தேடினன்," என்றாள்.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அன்று அவளை அறைய வேண்டும்போல இருந்தது. மூன்றாம் தடவை எதைத் தேடுவது, எதை நம்புவது என்றே தெரியாமல் இருந்துவிட்டு வந்தேன். அதன் முடிவும் தோல்விதான். தோற்றவர்களுக்குப் புள்ளியைச் சொல்வதில்லை; எத்தனையால் தவறினேன் என்று இன்றுவரை தெரியாது.

பயிற்சி முடித்து அவள் ஒரு பிளாசாவில் அலுவலகம் திறந்தாள். தொலைபேசியில் கூப்பிட்டு மிகவும் மரியாதையாகத்தான் கேட்டாள். "அன்ரி, எனக்கு ஒரு கிளார்க் வேணும். உங்களைவிட ஆரை நான் நம்புறது?"

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அவளுடைய முதல் வழக்குக்கு வாதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நீதிமன்றத்தின் பின்வரிசையில் இருந்து பார்த்தேன். எங்கேயாவது தடுமாறுவாள் என்று காத்திருந்தேன். அவள் நன்றாகத்தான் வாதாடினாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.