பத்துக்குப் பத்து வாங்கிய பால்

எங்கள் பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல் படித்த யாரையாவது பிடித்து, நல்ல பால் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். "ஆர்லிஸ் நல்லதுன்னு சொன்னா நல்லது" என்பார்கள். அப்படி ஒரு பெயர் அவளுக்கு.

ஆர்லிஸ் புரூடீன் ஒரு பட்டமும் வாங்கியதில்லை. விஸ்கான்சினில் நாற்பது மாடு வைத்திருந்த பண்ணையில் பிறந்தவள். பத்து வயதில் காலைப் பாலை ஒரு வாய் குடித்துவிட்டு, மாடுகள் ஓடைப்பக்கம் போய்க் காட்டு வெங்காயம் மேய்ந்திருக்கின்றன என்று சொல்லி, அப்பாவை வேலி பார்க்க அனுப்பினாளாம். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குப் புட்டி கழுவ வந்தாள். கழுவுவதற்கு முன் ஒவ்வொரு புட்டியையும் முகர்ந்து, "இது ஜன்னலோரம் வெயில்ல கிடந்திருக்கு, இது பழைய தீவன வாடை" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்ததை ஒரு பேராசிரியர் கேட்டுவிட்டார். அத்தோடு புட்டி கழுவுவது நின்றது. பாலைச் சுவைத்துக் குறை கண்டுபிடிக்கும் வகுப்பு அவள் கைக்கு வந்தது.

அந்த வகுப்பு நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். எட்டுக் காகிதக் குவளைகளில் எட்டு வகைப் பால் வரும். மாணவர்கள் ஒவ்வொரு வாயாக எடுத்து, வாய்க்குள் உருட்டி, வாளியில் துப்பிவிட்டு, பத்துக்கு இத்தனை, குறை இன்னது என்று எழுதவேண்டும். யாரும் பேசக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது, அழித்து எழுதினால் கடைசியில் இருப்பதுதான் கணக்கு. ஆர்லிஸ் போட்ட மதிப்பெண்தான் சரியான மதிப்பெண். அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறாயோ அவ்வளவு உனக்குக் குறையும். வருஷக் கடைசியில் மிகக் குறைவாக இழந்த மூன்று பேர் நாடளாவிய போட்டிக்குப் போவார்கள். அதில் ஜெயித்தால் மேற்படிப்புச் செலவு முழுக்கப் போட்டி நடத்துகிறவர்களுடைய பொறுப்பு. அதற்காக உயிரைக் கொடுத்துப் படிக்கிற பிள்ளைகள் உண்டு.

போன நவம்பரில் ஆர்லிஸுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாள் படுத்து எழுந்தாள். ஐந்தாம் நாள் காலை அவள் சமையலறை ஜன்னலில் பனியைப் பார்த்துக்கொண்டு நிற்க, புருஷன் ராலி மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தான்.

"ரொட்டி கரிஞ்சு மாடி வரைக்கும் நாறுது. பக்கத்துலயே நிக்கிற, தெரியலையா?"

"மூக்கடைப்பு" என்றாள்.

மூக்கடைப்பு இல்லை. மூச்சு தாராளமாகப் போய் வந்தது. காப்பித்தூள் டப்பாவுக்குள் முகத்தை விட்டுப் பார்த்தாள், வினிகரை முகர்ந்தாள், ராலியின் மாட்டுக்கொட்டகை பூட்ஸைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நாக்கில் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாலும் பத்திரமாக இருந்தன. ஆனால் பாலின் விஷயமெல்லாம் மூக்கில்தானே இருக்கிறது. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அதைச் சொல்ல எதற்கு டாக்டர்?

"லிண்ட்நர்கிட்ட சொல்லிடு" என்றான் ராலி. "உங்கிட்ட படிச்ச பையன்தானே இப்ப துறைத்தலைவர். கொஞ்ச நாள் லீவு கொடுத்துட்டுப் போறான்."

"மூக்கு இல்லாத ஆர்லிஸுக்கு அங்க என்ன வேலை? மறுபடி புட்டி கழுவவா?"

ராலி அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்கவேண்டும்.

ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. சமாளிப்பது அவள் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது, அதுதான் கேடு. எட்டுக் குவளையையும் தயாரிப்பவளே அவள்தான். எதை வெயிலில் வைத்தாள், எதில் வெங்காயத் தூள் கலந்தாள், எதைப் புளிக்க விட்டாள் என்று அவளுக்குத் தெரியும். குறிப்பைப் பார்த்து மதிப்பெண் போட்டாள். பெயருக்கு ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, உருட்டித் துப்பினாள். பிள்ளைகள் பயபக்தியோடு பார்த்தார்கள்.

அந்த வகுப்பில் காசுவா என்று ஒருத்தி இருந்தாள். லாவோஸிலிருந்து வந்து குடியேறிய ஹ்மாங் இனத்துப் பெண். அப்பா அம்மா சனிக்கிழமைச் சந்தையில் காய்கறிக் கடை போடுகிறவர்கள். அவர்கள் வீட்டில் பால் வாங்கும் வழக்கமே கிடையாது. முதல் வாரத்திலேயே எட்டில் எட்டையும் பிட்டுப் பிட்டு வைத்தாள். இப்படி ஒரு மூக்கை இருபத்தொன்பது வருஷத்தில் ஆர்லிஸ் பார்த்ததில்லை. சந்தோஷம் வந்திருக்கவேண்டும். அவளுக்குப் பயம்தான் வந்தது.

பிப்ரவரி மூன்றாம் வாரம் ஐந்தாவது குவளையில் எதுவும் கலக்காத பால் வைத்திருந்தாள், காலையில் பல்கலைக்கழகப் பால் பண்ணையிலிருந்து எடுத்து வந்தது. ஆர்லிஸ் பத்துக்குப் பத்து போட்டாள். மற்றவர்கள் ஒன்பது, பத்து என்று போட்டிருந்தார்கள். காசுவா நாலு போட்டிருந்தாள்.

"மருந்து வாடை அடிக்குது" என்றாள் காசுவா. "நீச்சல் குளத்துல இருக்குமே, அது மாதிரி."

"மாடு குளிச்சிட்டு நேரா வந்திருக்கும்" என்றான் டிரிக்வே என்ற பண்ணை வீட்டுப் பையன். வகுப்பே சிரித்தது.

"அதுல ஒண்ணும் இல்ல" என்றாள் ஆர்லிஸ். "நானே எடுத்துட்டு வந்தது."

அடுத்த வாரமும் கலக்காத பாலுக்கு நாலு. அதற்கடுத்த வாரம் மூன்று. வாராவாரம் இழப்பு ஏறி, முதலிடத்தில் இருந்தவள் ஐந்தாம் இடத்துக்கு வந்துவிட்டாள். ஆர்லிஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். கடுமையாகப் பேசவில்லை. பரிவாகத்தான் பேசினாள். கடுமையாகப் பேசியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"தப்பா எடுத்துக்காதம்மா. உங்க வீட்ல பால் புழக்கம் இல்ல. நல்ல பாலோட வாசனையே உனக்குப் புதுசா இருக்கும். பழகாத நாக்கு அப்படித்தான், இல்லாததெல்லாம் இருக்கிற மாதிரி தோணும்."

காசுவா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி" என்றாள்.

மறு வாரம் கலக்காத பாலுக்குக் காசுவா பத்துக்குப் பத்து போட்டாள். அன்று ராத்திரி ஆர்லிஸ் நிம்மதியாகத் தூங்கினாளாம். அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள். மற்ற எல்லாவற்றையும் மன்னிக்க முடிகிறது, அந்தத் தூக்கத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் முதல் திங்கட்கிழமை லிண்ட்நர் கூடத்துக்குள் வந்தார். துறைத்தலைவர், ஓயாமல் காப்பி குடிக்கிறவர், அதனால் பால் விஷயத்தில் அவர் நாக்கை யாரும் பொருட்படுத்துவதில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"பண்ணையில ஒரு வால்வு கசிஞ்சிருக்கு, ஆர்லிஸ். குழாய் கழுவுற குளோரின் தண்ணி சொட்டுச் சொட்டா பாலுக்குள்ள இறங்கியிருக்கு. ஆபத்தான அளவு இல்ல. ஆனா ஆறு வாரமா நடந்திருக்கு. வாசனை தெரிஞ்சிருக்கணுமே. உங்களுக்குத் தெரியலையா?"

ஆர்லிஸ் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஆறு வாரம். பிப்ரவரி மூன்றாம் வாரம்.

"லேசா இருந்த மாதிரி இருந்துச்சு" என்றாள். "குவளையோட வாடைன்னு நெனச்சேன்."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. லிண்ட்நர் தலையாட்டிவிட்டுப் போனார். வியாழக்கிழமை கடைசிச் சுற்று, அதை வைத்துத்தான் மூவர் பட்டியல். ஆர்லிஸ் மதிப்பெண் ஏட்டை எடுத்து, கலக்காத பாலுக்குப் போட்ட மதிப்பெண்களையெல்லாம் அடித்துவிட்டுக் கூட்டிப் பார்த்தாள். காசுவா முதலிடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தாள்.

அன்று மத்தியானமே காசுவாவைத் தேடிப் போனாள். பல்கலைக்கழக ஐஸ்கிரீம் கடையில் காசுவா பகுதிநேர வேலை பார்த்தாள். கூட்டம் இல்லை. கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாலுக்கெல்லாம் கொடுத்த மார்க்கை எடுத்துட்டேன். வால்வு கசிஞ்சிருக்கு. நீ சொன்னது சரி" என்றாள் ஆர்லிஸ். "வியாழக்கிழமை ஒழுங்கா பண்ணினா நீ போட்டிக்குப் போற."

காசுவாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நான் வரல, ஆர்லிஸ். வேற யாரையாவது போட்டுக்கோங்க."

"ஏம்மா?"

"இப்பல்லாம் எதைக் குடிச்சாலும் மொதல்ல ஒண்ணு தோணுது. உடனே அது தப்பா இருக்கும்னும் தோணுது. நீங்க என்ன போடுவீங்கன்னு உங்க மூஞ்சியத்தான் பாக்கறேன். இதை வச்சிக்கிட்டு அங்க போய் என்ன பண்ண?"

ஆர்லிஸ் கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து மாதம் பூட்டி வைத்தது தானாக வெளியே வந்தது.

"என் மூஞ்சியில ஒண்ணுமில்ல. எனக்கு வாசனையே தெரியாது. நவம்பர்லேர்ந்து."

கரண்டி கழுவுவது நின்றது.

"அப்ப எனக்குச் சொன்னதெல்லாம்?"

"குறிப்பைப் பார்த்துச் சொன்னது."

"எங்க வீட்ல பால் வாங்கறதில்ல, என் நாக்கு பழகலைன்னு சொன்னீங்களே, அது?"

ஆர்லிஸ் கவுண்டர் மேலிருந்த ஈரத்தைக் கையால் துடைத்தாள்.

"நான் வீட்ல போய் அம்மாகிட்ட அதைச் சொன்னேன்" என்றாள் காசுவா. குரல் ஏறவில்லை. "அவங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்னாங்க. பெரியவங்க, அவ்வளவு வருஷமா இருக்காங்கன்னாங்க. இப்ப நான் சொன்னது சரின்னு சொல்றீங்க. அதையும் வால்வைப் பார்த்துத்தானே சொல்றீங்க."

இரண்டு பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டு வந்தார்கள். காசுவா கையைத் துடைத்துக்கொண்டு அவர்களிடம் போனாள்.

ஆர்லிஸ் அங்கிருந்து நேரே லிண்ட்நர் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. காய்ச்சலிலிருந்து அன்று காலை சொன்ன பொய் வரைக்கும் எதையும் விடாமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"என்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா என்னை வச்சிருப்பியா?"

"வகுப்புல வச்சிருக்க மாட்டேன்" என்றார் அவர். நேர்மையான மனிதர். "இனிமேயும் முடியாது. இந்த வருஷம் முடியற வரைக்கும் இருங்க. வியாழக்கிழமை மார்க்கை நான் போடறேன்."

மூன்று நாள் காப்பியைத் தொடாமல், தலைவலியோடு எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார் லிண்ட்நர். வியாழக்கிழமை வகுப்பு ஆரம்பிக்கும் முன் ஆர்லிஸ் பிள்ளைகள் முன்னால் நின்று விஷயத்தைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. டிரிக்வே குனிந்து பூட்ஸைப் பார்த்துக்கொண்டான். காசுவா வந்திருந்தாள். லிண்ட்நர் கூப்பிட்டுப் பேசியிருந்தார். கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

இந்தத் தடவை குவளைகளை லிண்ட்நரே தயாரித்திருந்தார். ஊற்றி வைப்பது மட்டும் ஆர்லிஸின் வேலை. எதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. காசுவா முதல் குவளையை எடுத்து உருட்டித் துப்பினாள். பழக்க தோஷம், தலையைத் தூக்கி ஆர்லிஸின் முகத்தைப் பார்த்தாள்.

ஆர்லிஸ் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அரை மணி நேரமும் அப்படியே நின்றாள். பின்னால் பென்சில் எழுதும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து ரப்பர் தேய்க்கும் சத்தம் கேட்டது. மறுபடி பென்சில், மறுபடி ரப்பர். அது எந்த வரிசையிலிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

கூட்டி முடித்தபோது காசுவா நாலாவது. டிரிக்வேயும் இன்னும் இரண்டு பேரும் போட்டிக்குப் போகிறார்கள்.

பிள்ளைகள் எல்லோரும் போனபின் ஆர்லிஸ் காசுவாவின் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அழித்த எண்கள் மங்கலாகத் தெரிந்தன. லிண்ட்நரின் தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். எட்டுக் குவளையிலும் காசுவா முதலில் எழுதியதும் அவர் போட்டதும் ஒன்றாக இருந்தன. தாளை அவரிடம் நீட்டினாள்.

லிண்ட்நர் வாங்கிப் பார்த்தார்.

"அழிச்சதுக்கு மார்க் கிடையாதே, ஆர்லிஸ்" என்றார். "எங்களுக்கெல்லாம் நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க."